கான்ட்ரா நடனத்தை அழைப்பதும் அமைப்பதும்: ஒரு வரைவும் இரண்டு கேள்விகளும்

#1 கீழ்வரிசை

அனைவருக்கும் வணக்கம். மாசசூசெட்ஸ் மாநிலத்தின் மேற்குப் பகுதியில் சில ஆண்டுகளாகக் கான்ட்ரா நடனம் ஆடி வருகிறேன். இப்போது மூத்த அழைப்பாளர் ஒருவரிடம் அழைப்பும் பயின்று வருகிறேன். இந்த நடனத்தைப் பார்த்திராதவர்களுக்காகச் சில வரிகள். அரங்கின் நீளவாக்கில் இரண்டு வரிசைகள் எதிரெதிராக நிற்கும். மேடைப் பக்கத்திலிருந்து தொடங்கி இரண்டிரண்டு ஜோடிகளாகக் கைகோத்து நால்வர் குழுக்களாகப் பிரிந்துகொள்வார்கள். பிடிலும் பியானோவும் வாசிக்கும் ரீல் அல்லது ஜிக் வகை மெட்டு ஒரு முறை முடிய 64 எண்ணிக்கை ஆகும். அதற்குள் நால்வரும் ஒரு கோவையை ஆடி முடித்திருப்பார்கள். ஒவ்வொரு ஜோடியும் ஓரிடம் நகர்ந்து அடுத்த ஜோடியின் முன் நிற்கும். அதே கோவை புதியவர்களோடு மறுபடியும் தொடங்கும். மேடையில் நிற்கும் அழைப்பாளர் அடுத்து வருவது என்ன என்பதைச் சொல்லிக்கொண்டே இருப்பார். ஆடுபவர்களுக்குப் பழகப் பழகச் சொற்களைக் குறைத்து, ஒரு கட்டத்தில் நிறுத்திவிடுவார்.

எனக்கு இரண்டு கேள்விகள். முதலாவது, அழைப்பை எந்த எண்ணிக்கையில் தொடங்கி எதில் முடிப்பது? நான் தாளத்தோடுதான் சொல்கிறேன், ஆனாலும் ஆடுபவர்கள் சற்றே தாமதமாக நகர்கிறார்கள். இரண்டாவது, நான் கோத்துப் பார்த்த இந்த வரைவு (ஏ, பி என்பவை மெட்டின் பகுதிகள், அடைப்பில் எண்ணிக்கை; அயலார் என்பவர் குழுவின் மற்ற ஜோடியில் உள்ளவர்; ஜோடியில் இடப்புறம் நிற்பவர் லார்க், வலப்புறம் நிற்பவர் ராபின்):

ஏ1: அயலாரோடு பேலன்ஸ் (கைபிடித்து முன்னும் பின்னும் மிதித்தல்), ஸ்விங் (இருவரும் பிடித்துக்கொண்டு சுழல்தல்) (16)
ஏ2: இடப்புறமாக வட்டம், முக்கால் சுற்று (8), துணையோடு ஸ்விங் (8)
பி1: நீள்வரிசை முன்னும் பின்னும் (8), ராபின்கள் செயின், அதாவது எதிர்ப்பக்கம் கடந்து திரும்புதல் (8)
பி2: வலக்கை ஸ்டார், அதாவது நால்வரும் நடுவில் கை சேர்த்து ஒரு சுற்று (8), அடுத்த அயலாரோடு டோ-சி-டோ, அதாவது ஒருவரையொருவர் முதுகுப்புறமாகச் சுற்றி வருதல் (8)

மேசையில் நான்கு நாணயங்களை நகர்த்திப் பார்த்தால் எல்லோரும் சரியான இடத்துக்கே வருகிறார்கள். ஆடிப் பார்த்த நண்பர்களோ, செயினுக்குப் பிறகு உடம்பு தடைபடுகிறது என்றும், துணையோடு ஆடும் ஸ்விங் வந்ததும் தெரியவில்லை, போனதும் தெரியவில்லை என்றும் சொல்கிறார்கள். காரணத்தை அறிய விரும்புகிறேன்.

#2 மரத்தளம்

முதல் கேள்விக்கு மட்டும் இப்போது பதில் எழுதுகிறேன்.

தாளத்தோடு சொல்வதுதான் தாமதத்துக்குக் காரணம். பரதநாட்டியத்தில் நட்டுவனாரின் சொற்கட்டும் ஆடுபவரின் காலும் ஒரே கணத்தில் விழ வேண்டும். கான்ட்ரா அழைப்பில் சொல் முன்னே ஓட வேண்டும், கால் பின்னே வர வேண்டும். எட்டு எண்ணிக்கை கொண்ட ஓர் அசைவு நடந்துகொண்டிருக்கும்போது, அதன் 5, 6, 7, 8 ஆகிய எண்ணிக்கைகளுக்குள் அடுத்த அசைவுக்கான அழைப்பு முழுவதும் முடிந்துவிட வேண்டும். அடுத்த வாக்கியத்தின் முதல் எண்ணிக்கை விழும்போது உங்கள் வாய் மூடியிருக்க வேண்டும். அந்த எண்ணிக்கை இசைக்கும் ஆடுபவர்களுக்கும் உரியது. காது இந்த வாக்கியத்தைக் கேட்க, வாய் அடுத்த வாக்கியத்தைச் சொல்ல, கண் அரங்கின் கடைக்கோடியைப் பார்க்க வேண்டியிருப்பதால்தான் இந்த வேலை பழக நாளாகிறது.

சொற்களின் வரிசையும் முக்கியம். யார், எந்தக் கை, என்ன அசைவு, எவ்வளவு தூரம் என்ற முறையில் சொல்லுங்கள். "ராபின்கள், இடக்கை, அலமாண்ட், ஒன்றரைச் சுற்று" என்றால் (அலமாண்ட் என்பது கைபிடித்து ஒருவரையொருவர் சுற்றுவது), முதல் சொல்லைக் கேட்டதுமே நகர வேண்டியவர்கள் விழித்துக்கொள்வார்கள். கை அடுத்து நீளும். எவ்வளவு சுற்ற வேண்டும் என்பது சுழலத் தொடங்கிய பிறகு காதில் விழுந்தாலும் கெடுதல் இல்லை. "ஒன்றரைச் சுற்று அலமாண்ட் ஆட வேண்டியவர்கள் ராபின்கள்" என்று சொன்னால், அந்த நான்கு எண்ணிக்கையும் யாருக்கும் பயன்படாமல் போய்விடும்.

தொடக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். பிடில்காரர் மெட்டுக்குள் நுழையும் முன் "நான்கு பொட்டேட்டோ" எனப்படும், தாளத்தை மட்டும் காட்டும் முன்னிசையை வில்லால் இழுப்பார். உங்கள் முதல் அழைப்பு அதன் மேலேயே உட்கார வேண்டும். அதைத் தவறவிட்டால் முதல் சுற்று முழுவதும் நீங்கள் துரத்திக்கொண்டே இருப்பீர்கள்.

முதல் இரண்டு மூன்று சுற்றுகளுக்கு முழு அழைப்பு. பிறகு "செயின்", "ஸ்டார்" என்று ஒற்றைச் சொல். பிறகு, அவர்கள் வழக்கமாகத் தயங்கும் ஓரிடத்துக்கு மட்டும் ஒரு சொல். அதன் பிறகு மௌனம். மௌனமானதும் மேடையை விட்டு இறங்கிவிடாதீர்கள். வரிசையின் கடைசியில் இரண்டு புதியவர்கள் ஒரே குழுவில் சேரும் சுற்று எப்படியும் வரும். அந்தச் சுற்றில் உங்கள் குரல் திரும்ப வேண்டும்.

#3 பிடில்மூலை

மரத்தளம் ஐயா சொன்னதோடு இசைக்குழுவின் பக்கத்திலிருந்து சிலவற்றைச் சேர்க்கிறேன்.

64 எண்ணிக்கை என்பது ஒரே நீட்டாக ஓடுவது அன்று. ஏ பகுதி இரண்டு முறை, பி பகுதி இரண்டு முறை. ஒவ்வொன்றும் 16 எண்ணிக்கை. அதற்குள் எட்டெட்டாக இரண்டு வாக்கியங்கள். பழகிய காதுள்ளவர்கள் வாக்கியம் முடியப்போவதை எண்ணாமலேயே உணர்வார்கள். ஆகவே நடன அமைப்பு இந்த எட்டுகளின் எல்லையில் உட்கார்ந்தால், அழைப்பாளர் பாதி வேலையை எங்களிடம் ஒப்படைத்துவிடலாம். எல்லையைத் தாண்டி வழியும் அசைவு இருந்தால், நடனம் முடியும் வரை நீங்களே பேசிக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

மெட்டின் தன்மையும் கணக்கில் வர வேண்டும். பல ரீல்களில் பி பகுதி மேல் ஸ்தாயியில் எழும்பித் தொடங்கும். பேலன்ஸ் அந்த இடத்தில் விழுந்தால் அரங்கம் முழுவதும் ஒரே நேரத்தில் தரையை மிதிப்பது எங்கள் மேடைப் பலகையிலேயே அதிரும். அதே பேலன்ஸை ஏ2-இன் நடுவில் வைத்தால், நாங்கள் வழுக்கிச் செல்லும் ஸ்வரங்களை வாசித்துக்கொண்டிருக்கும்போது நீங்கள் மிதித்துக்கொண்டிருப்பீர்கள். நீளமான ஹே (ஒருவரையொருவர் பின்னிக் கடக்கும் அசைவு) உள்ள நடனத்துக்கு வழுக்கிச் செல்லும் மெட்டு, பேலன்ஸ் நிறைந்த நடனத்துக்குத் தாளம் வெட்டிவெட்டி வரும் மெட்டு என்று நாங்கள் தேர்ந்து வாசிக்க வேண்டுமானால், நடன அட்டையை எங்களிடம் முன்பே காட்டுங்கள். பேலன்ஸ் எங்கெங்கே வருகிறது என்று விரலால் தொட்டுக் காட்டினாலே போதும்.

வேகம் நிமிடத்துக்கு ஏறத்தாழ 115 எண்ணிக்கை என்று வைத்துக்கொண்டால், ஒரு சுற்றுக்கு 33 நொடி போல ஆகும். நடனத்தை முடிக்க வேண்டுமென்றால் இரண்டு மூன்று சுற்றுகளுக்கு முன்பே விரல் காட்டுங்கள். கடைசிச் சுற்றில் கையசைத்தால் நாங்கள் அடுத்த மெட்டுக்கு மாறியிருப்போம்.

#4 மரத்தளம்

இப்போது வரைவுக்கு வருகிறேன். நாணயங்கள் இடத்தைக் காட்டும், சுழற்சியைக் காட்டமாட்டா. அந்த வரைவின் பக்கத்தில் வலஞ்சுழி, இடஞ்சுழி என்று ஒவ்வோர் அசைவுக்கும் குறித்துப் பாருங்கள்.

ஸ்விங் வலஞ்சுழி. இடப்புறமாகச் சுழலும் வட்டமும் மேலிருந்து பார்த்தால் வலஞ்சுழிதான். ஆகவே வட்டத்திலிருந்து துணையின் ஸ்விங்குக்குள் நுழைவது தானாகவே நடக்கும். அந்த இடம் நன்றாக அமைந்திருக்கிறது. செயினில் ராபின்கள் வலக்கை கொடுத்து எதிர்ப்பக்கம் கடந்து, அங்குள்ள லார்க்கிடம் இடக்கையைத் தந்து, இருவரும் பக்கம்பக்கமாகச் சுழன்று திரும்புகிறார்கள். கர்ட்டஸி டர்ன் எனப்படும் அந்தத் திருப்பம் இடஞ்சுழி. அது முடியும் கணத்தில் நால்வரின் உடல் வேகமும் இடஞ்சுழியாக இருக்கிறது. இடக்கைகளோ ஏற்கெனவே முன்னால் நீட்டியபடி இருக்கின்றன. நீங்கள் அங்கே வலக்கை ஸ்டார் கேட்கிறீர்கள், அது வலஞ்சுழி. வேகத்தை நிறுத்தி, கையை மாற்றி, எதிர்த்திசையில் புறப்பட வேண்டும். நண்பர்கள் சொன்ன தடை இதுதான். இடக்கை ஸ்டாராக மாற்றினால், பிடித்திருந்த இடக்கையை விட்டு அப்படியே நடுவில் வைத்தால் போதும். வந்த வேகமே அவர்களைச் சுற்றிக்கொண்டு போகும்.

துணையின் ஸ்விங் காணாமல் போவதற்குக் காரணம் வேறு. எட்டு எண்ணிக்கையில் வட்டத்தை விட்டுத் துணையைப் பிடிக்க ஒன்றோ இரண்டோ போய்விடும்; எதிர்வரிசையைப் பார்த்துத் திறந்து நிற்க மேலும் இரண்டு வேண்டும். மிஞ்சுவது நான்கைந்து. அயலாரோ பேலன்ஸோடு சேர்த்து முழுப் 16-ஐயும் பெற்றிருக்கிறார். அந்த 64 எண்ணிக்கையையும் யாரோடு ஆட விரும்பி அழைத்தோமோ அவரை விட்டுவிட்டு வேறொருவருக்குக் கொடுத்ததுபோல் ஆகிறது.

உறுப்புகளைப் பெரிதும் மாற்றாமல் வரிசையை மாற்றிப் பார்த்தேன்:

ஏ1: புதிய அயலாரோடு டோ-சி-டோ (8), அவரோடு ஸ்விங் (8)
ஏ2: நீள்வரிசை முன்னும் பின்னும் (8), இடப்புறமாக வட்டம், முக்கால் சுற்று (8)
பி1: துணையோடு பேலன்ஸ், ஸ்விங் (16)
பி2: ராபின்கள் செயின் (8), இடக்கை ஸ்டார் ஒரு சுற்று (8)

பேலன்ஸ் பி1-இன் தலையில் போய் உட்கார்கிறது. பிடில்மூலை சொன்ன இடம் அது. முதல் ஜோடி மேலே (மேடைப் பக்கம்), லார்க் கிழக்கே, ராபின் மேற்கே என்று வைத்துத் தொடர்ந்து பார்த்தால், செயின் முடியும்போதே முதல் ஜோடி கீழேயும் இரண்டாம் ஜோடி மேலேயும் வந்துவிடுகின்றன. ஸ்டார் அவர்களை அதே இடத்துக்குக் கொண்டுவந்து விட, கைவிட்டுத் திரும்பினால் அடுத்த அயலார் எதிரே நிற்பார். நால்வர் குழுவுக்கு வெளியே யாரும் கை நீட்டத் தேவையில்லாததால், வரிசையின் இரு முனைகளிலும் ஒரு சுற்று காத்திருக்கும் ஜோடிகளுக்கும் குழப்பம் வராது. ராபின் வலப்புறம் இருக்கும்படி இடம் மாறிக்கொண்டு நின்றால் போதும்.

ஒன்று மட்டும். இந்த உறுப்புகளை இப்படியோ இதற்கு மிக அருகிலோ கோத்தவர்கள் ஏற்கெனவே பலர் இருப்பார்கள். பெயர் வைப்பதற்கு முன் சேகரங்களில் தேடிப் பாருங்கள். அச்சு அசலாக இருந்தால், அமைத்தவர் பெயரை அட்டையில் எழுதிக்கொண்டு அவருடையதாகவே அழைப்பதுதான் இத்துறையின் வழக்கம்.

#5 கீழ்வரிசை

மிக்க நன்றி, ஐயா. மாற்றிய வரிசையை எட்டுப் பேரை வைத்து ஆடிப் பார்த்தோம். செயினிலிருந்து ஸ்டாருக்கு மாறும்போது யாரும் தரையைப் பார்க்கவே இல்லை. நான்காம் சுற்றில் நான் அழைப்பை நிறுத்தியும் நடனம் நிற்கவில்லை.

இதிலிருந்து இன்னொரு கேள்வி எழுகிறது. எல்லோரும் எப்போதும் அசைந்துகொண்டிருக்க வேண்டும், துணையோடு ஒரு நீண்ட ஸ்விங் இருந்தே ஆக வேண்டும் என்பவை நடன அமைப்பின் விதிகளா? என் ஆசிரியர் கோரஸ் ஜிக் என்ற பழைய நடனத்தை அழைக்கப் பழகச் சொல்கிறார். அதில் இரண்டாம் ஜோடிகள் பெரும்பாலும் நின்றுகொண்டிருக்கின்றனவே?

#6 பழைய ஏடு

அவை விதிகள் அல்ல. கடந்த அரை நூற்றாண்டின் சுவை என்பதே பொருத்தம். இதைச் சற்று விரிவாகச் சொல்ல அனுமதியுங்கள்.

1651-ஆம் ஆண்டு முத்திரையோடு ஜான் பிளேஃபோர்டு லண்டனில் வெளியிட்ட நாட்டுப்புற நடனத் தொகுப்பிலேயே இந்த நீள்வரிசை வடிவம் இருக்கிறது. அது பிரான்சுக்குப் போனது. குடியேறியவர்களோடும் நடன ஆசிரியர்களோடும் அமெரிக்காவின் நியூ இங்கிலாந்துப் பகுதிக்கும் வந்தது. 1788-இல் ரோட் ஐலண்டின் பிராவிடன்ஸ் நகரில் ஜான் கிரிஃபித்ஸ் என்ற நடன ஆசிரியர் தம் தொகுப்பை அச்சிட்டார். வேறு புதிய நடனங்கள் நகரங்களை நிறைத்த பிறகும், நியூ ஹாம்ப்ஷயர், வெர்மான்ட் சிற்றூர்களின் டவுன் ஹால்களிலும் கிரேஞ்ச் எனப்படும் உழவர் சங்க மண்டபங்களிலும் இது விடாமல் ஆடப்பட்டது. நியூ ஹாம்ப்ஷயரைச் சேர்ந்த ரால்ஃப் பேஜ் 1930-களிலிருந்து அழைப்பாளராகவே வாழ்ந்து, 1949 முதல் 'நார்தர்ன் ஜங்கெட்' என்ற இதழையும் பல்லாண்டுகள் நடத்தி, இந்த மரபை அடுத்த தலைமுறையின் கையில் கொடுத்தார். அவருக்குப் பின் டட்லி லாஃப்மன் என்ற அழைப்பாளர் 1960-களில் இளைஞர்களைக் கூட்டம் கூட்டமாக அரங்குக்குள் இழுத்து வந்தார். நாம் இன்று ஆடுபவற்றில் பெரும்பாலானவை அந்த வெள்ளத்துக்குப் பின் வந்தவை.

அந்தப் பழைய நடனங்களில் முதல் ஜோடிதான் ஆடும் ஜோடி. கோரஸ் ஜிக்கில் அவர்கள் வரிசைகளுக்கு வெளியே இறங்கித் திரும்புவார்கள். பிறகு நடுவே இறங்கித் திரும்பி, இரண்டாம் ஜோடியைச் சுற்றிக்கொண்டு ஓரிடம் கீழே போவார்கள். பி1-இல் துணைக்கு வலக்கை, முதல் மூலையில் (எதிர்வரிசையில் குறுக்காக) நிற்பவருக்கு இடக்கை, மறுபடியும் துணை, மறுபடியும் அடுத்த மூலை என்று பின்னிச் செல்வார்கள். பி2-இல் பேலன்ஸும் ஸ்விங்கும். நான்கு பகுதிகளுக்கும் மெட்டு மாறுவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். மெட்டும் நடனமும் பெயரால் ஒன்று. அழைப்பாளர் ஒரு பகுதிக்கு ஒரு சொல் சொன்னால் போதும். புதிய அழைப்பாளருக்கு இதைவிட நல்ல பாடம் கிடைக்காது என்பது என் உறுதியான எண்ணம். உங்கள் ஆசிரியர் சரியாகவே சொல்லியிருக்கிறார்.

#7 இரண்டாம் ஜோடி

பழைய ஏடு ஐயாவின் மீது மிகுந்த மதிப்பு உண்டு. ஆனால் நின்றுகொண்டிருப்பவரின் பக்கத்திலிருந்து ஒரு கணக்கைச் சொல்ல வேண்டும்.

இருபது ஜோடிகள் கொண்ட வரிசையின் கடைசியில் இரண்டாம் ஜோடியாக நிற்கிறேன் என்று வையுங்கள். சுற்றுக்கு ஓரிடம் மேலே நகர்ந்தால் உச்சிக்குப் போய் ஆடும் ஜோடியாக மாற 19 சுற்றுகள் வேண்டும். நடனமோ பன்னிரண்டாம் சுற்றோடு முடிந்துவிடும். இரண்டு மூலைகளில் இடக்கை கொடுத்ததோடு என் பங்கு முடிந்துவிடுகிறது. முதன்முறை வந்த ஒருவருக்கு இது நேர்ந்தால், அவர் மறுவாரம் வரமாட்டார். நால்வருக்கும் சமமான வேலை தரும் நடனங்களை டெட் சானெல்லா போன்ற நடன அமைப்பாளர்கள் முனைந்து அமைத்ததும், பெக்கெட் அமைப்பில் துணைகள் ஒரே பக்கத்தில் சேர்ந்து நின்றே தொடங்கும் நடனங்கள் பெருகியதும் நல்ல மாற்றங்கள் என்றே நான் கருதுகிறேன். சுவை மாறியது என்று மட்டும் சொல்லி அதைக் கடந்துவிட முடியாது. அரங்கில் இருப்பவர்கள் யார் என்று எண்ணிப் பார்த்துச் செய்த மாற்றம் அது.

#8 பழைய ஏடு

கணக்கு சரியானது; மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கணக்கில் நீங்கள் மாற்ற வேண்டியது வரிசையின் நீளத்தை. அரங்கை நான்கு வரிசைகளாகப் பிரித்து, வரிசைக்கு எட்டு ஜோடிகள் என்று அமைத்தால், கடைசி ஜோடி ஏழே சுற்றில், அதாவது சுமார் நான்கு நிமிடத்தில், உச்சிக்கு வந்துவிடும். பழைய மண்டபங்கள் சிறியவை. அந்த நடனங்கள் அந்த அளவுக்கு அமைந்தவை. இருபது ஜோடி வரிசையில் கோரஸ் ஜிக்கை அழைத்துவிட்டு நடனத்தைக் குறை சொல்வது நியாயம் ஆகாது.

இன்னொன்று. நிற்பவர்கள் சும்மா நிற்க வேண்டும் என்று யாரும் கட்டளையிடவில்லை. பெட்ரோனெல்லா என்ற பழைய நடனத்தில் முதலில் ஆடும் ஜோடி மட்டுமே பேலன்ஸ் செய்து சுழன்று இடம் மாறியது. நிற்பவர்கள் தாமாகவே அதில் சேர்ந்துகொண்டார்கள்; பிறகு சுழலும்போது இரண்டு கைதட்டலும் சேர்ந்தது. எந்த அமைப்பாளரும் மேசையில் உட்கார்ந்து எழுதிய மாற்றம் அன்று அது. நால்வரும் சேர்ந்து சுழலும் அந்த அசைவு இன்று நூற்றுக்கணக்கான புதிய நடனங்களில் உறுப்பாக இருக்கிறது.

என் உண்மையான கவலை வேறு. ஒரு மாலையின் பன்னிரண்டு நடனங்களிலும் அயலாரோடு ஒரு ஸ்விங், துணையோடு ஒரு ஸ்விங், ஒரு செயின், ஒரு ஹே என்றால், ஸ்விங்குகளே 64-இல் ஏறக்குறைய பாதியை எடுத்துக்கொள்கின்றன. மிச்சமிருக்கும் பாதியில் எவ்வளவுதான் புதுமை செய்ய முடியும்? வீடு திரும்பும் வழியில் எந்த நடனம் எது என்று நினைவில் பிரித்தறிய முடிவதில்லை. கோரஸ் ஜிக்கை ஒரு முறை ஆடியவர் அதை வேறொன்றோடு குழப்பிக்கொள்ளவே மாட்டார்.

#9 மரத்தளம்

இருவர் சொல்வதும் நிகழ்ச்சி நிரலில் சேர்ந்தே இருக்கலாம். தொடக்கத்தில், புதியவர்கள் பாதி இருக்கும் நேரத்தில், கீழ்வரிசையின் நடனம் போன்ற ஒன்று. நடுவில், வரிசைகளைக் குட்டையாக்கி, "இதில் ஒரு ஜோடி ஆட, ஒரு ஜோடி தாங்கிப்பிடிக்கும், உச்சிக்குப் போனதும் பங்கு மாறும்" என்று ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டு ஒரு பழைய நடனம். முன்கூட்டிச் சொன்னால் நிற்பவர்கள் ஏமாந்ததாக உணர்வதில்லை. மூலையில் கை கொடுப்பதற்குத் தயாராக நிற்கிறார்கள்.

கோரஸ் ஜிக்கைக் கற்பிக்கும்போது அந்த மூலைகளில்தான் நேரம் செலவிட வேண்டும். ஆடும் ஜோடியை நடுவில் நிறுத்தி, "எதிரே துணையைப் பாருங்கள், உங்களுக்கு வலப்புறமாக எதிர்வரிசையில் நிற்பவர் முதல் மூலை, இடப்புறமாக நிற்பவர் இரண்டாம் மூலை, கையை நீட்டிச் சுட்டுங்கள்" என்று சொல்லுங்கள். மூலையில் நிற்பவர்களையும் இடக்கையை உயர்த்தச் சொல்லுங்கள். உயர்ந்த கைகளைப் பார்த்தபடியே ஒரு முறை நடந்தால் பாதிக் குழப்பம் போய்விடும். இரண்டாம் முறைக்கு மேல் நடத்திக் காட்டாதீர்கள். இசைக்குழு கையைக் கட்டிக்கொண்டு காத்திருக்கிறது, ஆடுபவர்களின் உடம்பும் ஆறிவிடுகிறது.

ஒரு குறிப்பு: பழைய நடனங்களை லார்க், ராபின் என்ற சொற்களோடும் தடையின்றி அழைக்கலாம். பல அரங்குகளில் ஆண், பெண் என்ற பெயர்கள் வழக்கொழிந்து, இடப்புறம் நிற்பவர் லார்க், வலப்புறம் நிற்பவர் ராபின் என்றாகிவிட்டது. கோரஸ் ஜிக்கில் ஆடும் ஜோடி, மூலை என்ற இரண்டு சொற்களே ஏறக்குறைய எல்லாவற்றையும் நடத்திவிடும்.

#10 கீழ்வரிசை

வரிசைக்கு எட்டு ஜோடிகள் என்று குறித்துக்கொண்டேன். இடைவேளைக்கு முந்தைய நடனமாகக் கோரஸ் ஜிக்கை வைக்கிறேன். அதற்குப் பின் மணி மஸ்க் என்ற பழைய நடனத்தையும் முயன்று பார்க்கலாம் என்று ஆசிரியர் சொல்கிறார்.

#11 பிடில்மூலை

மணி மஸ்க் என்றால் இசைக்குழுவுக்குக் குறைந்தது ஒரு வாரம் முன்பே சொல்லிவிடுங்கள். நியூ இங்கிலாந்தில் ஆடப்படும் வடிவத்துக்கு 64 எண்ணிக்கை கிடையாது; 24 பார், அதாவது 48 எண்ணிக்கைதான். வழக்கம்போல ஏ, ஏ, பி, பி என்று வாசித்தால் மூன்றாம் பகுதியின் முடிவிலேயே நடனம் முடிந்து நிற்கும், நாங்கள் இன்னும் 16 எண்ணிக்கை வாசித்துக்கொண்டிருப்போம். வேறு மெட்டை வைத்து ஓட்டிவிடலாம் என்றும் எண்ண வேண்டாம். அந்த நடனத்தின் பேலன்ஸ் ஒவ்வொன்றும் அதன் சொந்த மெட்டின் மேல்தான் உட்காரும். அட்டையின் மேல்மூலையில் 48 என்று பெரிதாக எழுதி, மேடைக்கு வந்ததும் பியானோகாரரிடம் முதலில் காட்டுங்கள்.